பாய்த்துணியை வெட்டிக் காட்டுங்க

"அந்த ஆள் சிரிக்கிறதைப் பாத்தீங்களா?" என்றாள் பின் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். "என் வீட்டுக்காரர் செஞ்ச படகைக் கையில வச்சுக்கிட்டு, எப்படி வாயெல்லாம் பல்லா நிக்கிறான் பாருங்க."

கார் நின்றிருந்த தெருவின் எதிர்ச்சுவரில் ஒரு டைல்ஸ் கடை விளம்பரம். கடை முதலாளி ஒரு கையில் கோப்பையும் மறு கையில் ஒரு பாய்மரப் படகும் பிடித்திருந்தார். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு நீளமான படகு. செம்மண் நிற உடம்பு, மூன்று வெள்ளைப் பாய். ‘ஏரிப் போட்டியில் முதல் பரிசு வென்ற எங்கள் முதலாளி’ என்று கீழே எழுதியிருந்தது. ஊரில் அவருக்குக் கேப்டன் என்று பட்டப்பெயர். குளியல் தொட்டியைத் தாண்டி எந்தத் தண்ணீரிலும் அவர் இறங்கியதாகத் தகவல் இல்லை.

"ஒரு பொம்மைப் படகுக்காகவா ஒருத்தன் கொலை பண்ணுவான்?" என்றார் டிரைவர் சீட்டில் இருந்த இன்ஸ்பெக்டர். அன்றைக்கு அவர் யூனிஃபார்மில் இல்லை. கட்டம் போட்ட சட்டையில் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"பொம்மை இல்லை சார்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்களுக்குக் கல்யாணம் ஆனதுக்கப்புறம் வந்த ஞாயித்துக்கிழமை எல்லாம் அதுலதான் போச்சு. எனக்குச் சக்களத்தி அது."

அவளுடைய கணவர் பல் செட் செய்கிறவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, ஓய்வு நேரத்தில் மாதிரிப் பாய்மரப் படகு கட்டுவார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தக் கொட்டகையிலேயே கட்டிலில் படுத்தார். கொட்டகை எரிந்தது. அவரும் எரிந்தார். வார்னிஷ் டப்பா பக்கத்தில் சிகரெட்டோடு தூங்கிவிட்டார் என்று போலீஸ் முடிவு கட்டியது. அவர் சிகரெட்டே பிடித்ததில்லை என்று இவள் சொன்னாள். பெண்டாட்டிக்குத் தெரியாமல் பிடித்திருப்பார் என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து வந்த ஏரிப் போட்டியில் கேப்டன் இதே மாதிரி ஒரு படகை இறக்கி ஜெயித்தார். கேப்டன் வேறு யாருமில்லை, செத்தவருடைய அக்கா புருஷன். ‘மச்சானும் நானும் ஒரே பிளானைத்தான் வாங்கினோம். அவன் அவன் கொட்டகையில கட்டினான், நான் என் மாடியில கட்டினேன்’ என்று பேட்டியில் சொல்லிவிட்டார். முடிந்தது கதை.

இந்த இடத்தில்தான் என் பாஸ் உள்ளே வருகிறார். ஊரில் அவரைத் துப்பறிவாளர் என்பார்கள். நான் வைத்த பெயர் ஆமை. அவர் நடக்கிற வேகம் அப்படி. பதிலுக்கு அவர் எனக்கு வைத்த பெயர் வாய்.

"இன்ஸ்பெக்டர்," என்றார் ஆமை முன் சீட்டிலிருந்து. "தீப்பிடிச்ச அன்னிக்குக் காலைல படகு கொட்டகையில இருந்துச்சு. வார்னிஷ் காயலைன்னு இவங்க கையால தொட்டே பாத்திருக்காங்க. போஸ்டர்ல இருக்கறது அதே படகுன்னா, தீக்கு முன்னாடி யாரோ அதை வெளிய எடுத்திருக்காங்க. தீப்பிடிக்கப் போவுதுன்னு படகுக்குத் தெரியாது. எடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அதே படகுன்னு எப்படி நிரூபிப்பீங்க?"

"அது முடியாது. அந்த மாடியில எந்தப் படகும் கட்டப்படலைன்னு நிரூபிக்கலாம்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு ஒரு நாள்தான் சார். ஒண்ணும் கிடைக்கலேன்னா சாயங்காலம் ஃபைலை மூடிடுவேன். மேல இருந்து நச்சரிக்கிறாங்க."

"மூடிட்டா என் புருஷன் காலத்துக்கும் குடிகாரன் மாதிரி தன்னையே கொளுத்திக்கிட்டவர்," என்றாள் அவள். "அவன் கோப்பையோட நிப்பான். எனக்கு அவன் ஜெயிலுக்குப் போறது போதாது. அவன் வாயாலயே அது வரணும். அவன் பொண்டாட்டியும் கேக்கணும். கூடப் பொறந்த தம்பி கரிக்கட்டையா கிடந்தப்ப வாயே திறக்கல அந்த மகராசி."

ஆமை மெதுவாகத் திரும்பினார். "உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஏதாவது சொல்லுங்கம்மா. படகை விடுங்க. சும்மா, வீட்டு விஷயம்."

"சும்மான்னா என்ன சொல்றது?" அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "சின்ன மேசை எங்களோடது. பக்கத்துல பக்கத்துல சாப்பிட உக்காந்தா என் வலது முழங்கையும் அவர் முழங்கையும் இடிச்சுக்கிட்டே இருக்கும். அதுக்கே தினம் ஒரு சண்டை. இடம் மாறி உக்காருன்னு நான் சொன்னா, நீ மாறுன்னு அவர் சொல்லுவார். இப்ப இடிக்க ஆள் இல்லை."

 ஆமை தன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

அவளைக் காரிலேயே விட்டுவிட்டு மூன்று பேர் இறங்கி, அதே தெருவில் இருந்த கேப்டன் வீட்டுக்குப் போனோம். திட்டம் எளிது. ஆமை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய மனுஷன். வீட்டில் ஒரு படகுப் பட்டறை போட ஆசை. கேப்டனிடம் யோசனை கேட்க வந்திருக்கிறார். நான் மகள். இன்ஸ்பெக்டர் எனக்குப் புருஷன்; விசாரணைக்கெல்லாம் ஏட்டையாவையே அனுப்பியதால் கேப்டன் அவரைப் பார்த்ததில்லை. இந்த வழக்கில் எனக்கு நடந்த அநியாயம் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

"கொஞ்சம் சிரிச்ச முகமா வாங்க," என்றேன் அவரிடம்.

"புருஷன்னா இப்படித்தான் இருப்பான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

யோசனை கேட்க வந்திருக்கிறோம் என்றதும் கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆமையின் தோளில் கை போட்டு மாடிக்கு அழைத்துப் போனார். மாடிப்படி இரும்பில் சுருண்டு சுருண்டு ஏறியது. எனக்குள் மணி அடித்தது. போஸ்டரில் பார்த்த படகை மனசுக்குள் அந்தச் சுருளில் இறக்கிப் பார்த்தேன். முதல் வளைவிலேயே முட்டியது. ஆமையின் முதுகில் ஒரு குத்து குத்தினேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

அறைக்கதவைத் திறந்தபோது நான் வாயைப் பிளந்தேன். அவ்வளவு அழகான பட்டறை. சுவரோடு ஒரு கனமான மேசை. அதன் ஓரத்தில் மரத்தைக் கவ்விப் பிடிக்கிற வைஸ். மேசை மேலே, பலகை நழுவாமலிருக்க ஒரு தடுப்புக் கட்டை. வளையும் கழுத்துள்ள விளக்கு. சுவர்ப் பலகையில் இழைப்புளி, உளி, கைரம்பம் எல்லாம் அதனதன் உருவம் வரைந்த இடத்தில் தொங்கின. உப்புத்தாள் நைஸ் வாரியாக அடுக்கியிருந்தது. துணி காயப்போடுகிற க்ளிப்புகள் ஒரு டப்பா நிறைய. கண்ணாடி அலமாரிக்குள் அந்தப் படகு.

"வீட்டுல பட்டறை போடறதுன்னா சும்மா இல்லை சார்," என்று ஆரம்பித்தார் கேப்டன். "முதல்ல மேசை. யானை ஏறினாலும் ஆடக்கூடாது. ரெண்டாவது காத்து. பசை, வார்னிஷ் நெடி எல்லாம் ஜன்னல் வழியா போயிடணும். அப்புறம் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம். கண்ணை மூடிட்டுக் கையை நீட்டினா கையில வரணும்."

"க்ளிப் எதுக்குங்க?" என்றேன். "இங்கேயே துணியும் காயப்போடுவீங்களா?"

"ஏம்மா, படகுக்கு உடம்பு கட்டறது பட்டை பட்டையா மெல்லிசு மரம். ஒவ்வொரு பட்டையும் ஒட்டினதும் காயற வரைக்கும் பிடிச்சுக்கணும்ல? அதுக்குத்தான்." மனப்பாடம் செய்த பையன் மாதிரி மூச்சு விடாமல் சொன்னார். பாடம் சரியாகத்தான் இருந்தது.

நான் என் குண்டைப் போட்டேன். "இவ்வளவு நீளப் படகை அந்தச் சுருள் படியில எப்படிங்க இறக்குனீங்க?"

கேப்டன் சிரித்தார். ஜன்னலைத் திறந்து காட்டினார். ஒரு ஆளே நுழையலாம். "பாய்மரத்தைக் கழட்டிட்டு, போர்வையில சுத்திக் கயித்துல இறக்கினோம். கீழ என் கடைப் பையன்க பிடிச்சாங்க. வேணும்னா கேட்டுப் பாரேன்."

என் குண்டு நமுத்துப் போனது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்த பார்வையில் விவாகரத்து இருந்தது.

"ரூம் ரொம்பச் சுத்தமா இருக்கே," என்று அடுத்ததை எடுத்தேன். "மரத்தூளே காணோம்."

"என் வீட்டம்மா தினம் துடைக்கிறா." கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு மனசு சரியில்லை. தம்பி போனதிலிருந்து. என்னென்னமோ உளறுவா. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார். டீ கொண்டுவரும்போது ஏதாவது சொன்னா பெரிசா எடுத்துக்காதீங்க."

ஆமை இத்தனை நேரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இழைப்புளி எப்படிப் பிடிக்கிறதுன்னே எனக்குத் தெரியாதுங்க. ஒரு தடவை காட்டுறீங்களா?"

கேப்டன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரு மெல்லிய பலகையை மேசையில் வைத்தார். வலது கையில் இழைப்புளியைப் பிடித்து, உடம்பைச் சாய்த்து, வலமிருந்து இடமாக ஒரு தள்ளு தள்ளினார். பலகை மேசை மேலேயே வழுக்கிக்கொண்டு போய், இடது ஓரத்தைத் தாண்டி, இன்ஸ்பெக்டரின் கால் விரலில் விழுந்தது. புருஷன் வேஷத்தில் இருந்ததால் அவரால் கெட்ட வார்த்தை சொல்ல முடியவில்லை.

"மேசைக்கு மெழுகு போட்டிருக்கு. வழுக்குது," என்றார் கேப்டன்.

"சரி சரி," என்றார் ஆமை. "அப்போ நாங்க கிளம்பறோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரில் ஒருத்தி காத்திருக்கிறாள். சாயங்காலம் ஃபைல் மூடப் போகிறது. இந்த மனுஷர் கிளம்புகிறேன் என்கிறார். நான் வாயைத் திறக்கப் போன நேரத்தில் கதவருகில் கப்புகள் கிணுகிணுத்தன.

கேப்டனின் மனைவி டீத்தட்டோடு நின்றிருந்தாள். வெளுத்த முகம். நரைத்த முடியை இழுத்து முடிந்திருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, யாருக்கோ சொல்வது மாதிரி சொன்னாள்.

"பாய் எப்படிச் செய்யறதுன்னு காட்டலையே. அதுதானே முக்கியம். பாய்த்துணியை வெட்டிக் காட்டுங்க."

"நீ கீழ போ," என்றார் கேப்டன்.

"சும்மா ஒரு முழம்."

"அவங்களுக்கு நேரமாச்சு."

கிளம்ப எழுந்த ஆமை அப்படியே உட்கார்ந்தார். டீக்கப்பை எடுத்துக்கொண்டார். "நேரத்துக்கு என்னங்க? பாய் இல்லாம ஒரு படகா? பாத்துட்டே போறோம்."

மறுக்க முடியாமல் கேப்டன் அலமாரியிலிருந்து வெள்ளைத் துணிச்சுருளை எடுத்தார். குடைத்துணி மாதிரி மெல்லியது. மனைவி சுவரிலிருந்து ஒரு பெரிய கத்தரியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோடு விழுந்த இடத்தில் அவர் கையின் நிழலே விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கத்தரியைப் பிடித்து வெட்டினார்.

துணி வெட்டுப்படவில்லை. கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து மாட்டிக்கொண்டது. இழுத்தார். மறுபடி வெட்டினார். மறுபடி மடிந்தது. கோடு ஒரு பக்கம், கத்தரி ஒரு பக்கம் போனது. மூன்றாம் முறை துணியே கசங்கிப் பிதுங்கியது.

"கத்தரி மழுங்கிப் போச்சு," என்றார். நெற்றியில் மறுபடி வியர்வை.

"அப்படியா?" ஆமை எழுந்து போய் கத்தரியை வாங்கினார். இடது கையில் மாட்டிக்கொண்டார். அவர் இடது கையால் வாய்க்கு டீ கூடக் கொண்டுபோகத் தெரியாதவர். இருந்தாலும் கத்தரி அந்தத் துணியில் வெண்ணெயில் போவது மாதிரி போனது. ஒரு முழத் துணி இரண்டாகப் பிரிந்து மேசையில் விழுந்தது.

"மழுங்கலைங்க," என்றார். "இது இடது கைக்காரங்களுக்குன்னு செஞ்ச கத்தரி. அலகு மாத்தி வச்சிருக்கும். வலது கையில பிடிச்சா மெல்லிசுத் துணி மடியும்."

கேப்டன் கத்தரியை முதல் முறையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"விளக்கும் அப்படித்தான். வலது பக்கம் இருக்கு, அதான் உங்க கை நிழல் உங்க கோட்டையே மறைக்குது. வைஸ் வலது ஓரத்துல. தடுப்புக் கட்டையும் வலது ஓரத்துல. இடமிருந்து வலமா இழைக்கிறவருக்குத்தான் அது பலகையைப் பிடிச்சுக்கும். நீங்க தள்ளினா மாப்பிள்ளை காலுலதான் விழும். இந்த ரூம்ல வேலை செய்யணும்னா ஒருத்தர் இடது கைக்காரரா இருக்கணும்." ஆமை கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தார். "பக்கத்துல உக்காந்து சாப்பிடற பொண்டாட்டி முழங்கையை இடிக்கிற இடது கைக்காரர். உங்க மச்சான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காரில் அவள் சொன்னதை நானும்தான் கேட்டேன். காது இருந்தது, ஆமையுடைய மூளை இல்லை.

"நீங்க யாரு?" என்றார் கேப்டன்.

"அதை விடுங்க. கொட்டகையைக் கொளுத்தறதுக்கு முன்னாடி மச்சானோட கத்தரியைத் திருடணும்னு ஏன் தோணுச்சு? இது ஒண்ணு போதும், உங்களை உள்ள தள்ள."

"எந்தக் கத்தரி? நான் கத்தரியெல்லாம் எடுக்கவே இல்லை," என்று வெடித்தார் கேப்டன். "படகை மட்டும்தான..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் ஒரு வார்த்தை லேட்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றபோது கட்டம் போட்ட சட்டைக்குள்ளேயே யூனிஃபார்ம் வந்து உட்கார்ந்தது மாதிரி இருந்தது. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

"படகை மட்டும்தான்... சொல்லுங்க. மீதியும் சொல்லுங்க."

"வாய் தவறி வந்துடுச்சு சார். எனக்கு இந்தக் கத்தரி பத்தி எதுவுமே தெரியாது. இந்த ரூமை நான் போடவே இல்லை. எல்லாம் இவதான் போட்டா. ஆணியிலிருந்து விளக்கு வரைக்கும் இவதான். இவளைக் கேளுங்க."

ஒரு மனுஷன் குழியில் விழுந்த பிறகு மண்வெட்டி கேட்டு வாங்கித் தோண்டியதை அன்றுதான் பார்த்தேன். இந்த அறையை அவர் போடவில்லை என்றால், இந்த அறையில் அவர் படகு கட்டவில்லை.

நாங்கள் அந்த அம்மாவைப் பார்த்தோம்.

"ஆமா," என்றாள் அவள். "நான்தான் போட்டேன்."

அவள் குரலில் மாத்திரையும் இல்லை, மயக்கமும் இல்லை. இத்தனை நேரம் தரையைப் பார்த்த கண் புருஷன் முகத்துக்கு ஏறியது.

"போட்டி முடிஞ்சதும் பேப்பர்காரங்க உங்க பட்டறையைப் படம் எடுக்கணும்னாங்க. இவருக்கு ஆணிக்கு எந்தப் பக்கம் கூர்னு கூடத் தெரியாது. அன்னிக்கு ராத்திரியே என்னைக் கூப்பிட்டு, ‘நீதான் உன் தம்பி கொட்டகையே கதின்னு கிடப்பே, அதே மாதிரி ஒண்ணு மாடியில போட்டு வை’ன்னு சொன்னார். அவன் செத்து மாசம் திரும்பல. அப்படியும் என்கிட்டயே சொன்னார்." அவள் மேசையை ஒரு விரலால் தொட்டாள். "போட்டேன். அதே மாதிரியே போட்டேன். அவன் விளக்கு வச்ச பக்கம் விளக்கு. வைஸ் வச்ச பக்கம் வைஸ். அந்தக் கத்தரியைக் கடை கடையா ஏறி வாங்கினேன்."

"இவ பைத்தியம் சார்," என்றார் கேப்டன். "டாக்டர் சீட்டு இருக்கு."

"இருக்கு," என்றாள் அவள். "இவர்தான் கொளுத்தினார்னு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். இவர் பின்னாடியே டாக்டர் சீட்டோட வந்தார். என்னை உக்கார வச்சு, தண்ணி கொடுத்து, இவர் கூடவே திருப்பி அனுப்புனாங்க."

இன்ஸ்பெக்டர் தன் கால் விரலைப் பார்த்தார். உள் அறையில் இருந்துகொண்டே அப்படி அனுப்பச் சொன்னது யார் என்று எனக்குப் புரிந்தது. அவருக்குக் கிண்டல் போதாது. அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

"நான் சொன்னா பைத்தியம். மேசையும் கத்தரியும் சொன்னா? தினம் பயந்துட்டே இருந்தேன். என் தம்பி இடது கைக்காரன்னு இவருக்கு ஞாபகம் வந்துட்டா எல்லாத்தையும் மாத்திடுவாரே. வரல. எத்தனை வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டிருக்காங்க. என் தம்பி எந்தக் கையால என்ன செய்யறான்னு இந்த மனுஷன் ஒரு தடவை கூடப் பாத்ததில்லை." அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். "பேப்பர்காரங்க வந்தாங்க. படம் எடுத்துட்டுப் போனாங்க. படகு கிளப்பு ஆளுங்க வந்தாங்க. பிஸ்கட் தின்னுட்டுப் போனாங்க. ஒவ்வொரு தடவையும் டீயோட வந்து இதே வார்த்தையைச் சொன்னேன். பாய்த்துணியை வெட்டிக் காட்டுங்கன்னு. இன்னிக்குத்தான் ஒருத்தர் திரும்ப உக்காந்தார்."

ஆமை தலையைக் குனிந்துகொண்டார். இந்தக் கேஸைக் கண்டுபிடித்தது தான் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுக்கி வைத்ததை வந்து எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

"அவன் சிரிச்சான்டி," என்றார் கேப்டன் திடீரென்று. இன்ஸ்பெக்டரைப் பார்த்து இல்லை, மனைவியைப் பார்த்து. "முந்தின போட்டியில நான் கடையில வாங்கின படகு முழுகினப்ப கரையில நின்னு எல்லார் முன்னாடியும் கைகொட்டிச் சிரிச்சான். ‘அத்தான், இது டைல்ஸ் ஒட்டின படகா’ன்னு கேட்டான். இன்னிக்கும் கடைக்கு வர்றவன் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். அவன் படகு என் கையில இருக்கணும், அவன் கொட்டகை சாம்பலாகணும். அவ்வளவுதான் நெனச்சேன். அவன் உள்ள இருந்தது எனக்குத் தெரியாது."

"கதவுக்கு வெளியில கொண்டி போட்டது யாரு? தூக்கத்துல தினம் அதைத்தானே உளறுறீங்க?" என்றாள் அவள்.

கேப்டன் கண்ணாடி அலமாரி பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுருள் படியில் அவரை இறக்குவது கஷ்டமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால், கேப்டன் நடுவில், நான் பின்னால். பாய்மரத்தைக் கழற்றிவிட்டு, படகை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆமை கடைசியில் வந்தார். பழி வாங்குவது பாவம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர்கள் அன்று எனக்கு முன்னால் நடந்த அந்தத் தொங்கிப்போன பிடரியைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு நன்றாகவே இருந்தது.

தெருவில் கார்க்கதவைத் திறந்துகொண்டு, இத்தனை நேரம் காத்திருந்தவள் இறங்கி நின்றாள். "உள்ள ஆள் இருந்தது தெரியாதாம், வெளியில கொண்டி மட்டும் போட்டிருக்கார்," என்றார் இன்ஸ்பெக்டர் அவளிடம். அவள் படகைப் பார்த்தாள், தொடவில்லை. கேப்டனுக்கு நேரே வந்தாள். ஓங்கி அறைவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கொண்டி போடும்போது அவர் குறட்டை கேட்டுச்சா?"

அவர் காருக்குள் ஏறப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவர் தோளைப் பிடித்து நிறுத்திவைத்தார்.

"கேட்டிருக்கும்," என்றாள் அவள். "தெருக்கோடி வரைக்கும் கேக்கும். எத்தனை நாள் அதுக்காக நான் எந்திரிச்சு வேற ரூம்ல போய்ப் படுத்திருக்கேன். உள்ள ஆள் இருக்கறது தெரியாதுன்னு கோர்ட்ல சொல்லு. நான் வந்து உக்காந்திருப்பேன். சொல்லு பாப்போம்."

கேப்டன் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். போஸ்டரில் அவர் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இருந்தவரை அள்ளித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

அப்போது அந்த அம்மா வாசலுக்கு வந்தாள். செருப்பு போடவில்லை. மாடியில் நடந்ததை நான் சுருக்கமாக இவளிடம் சொன்னேன். பட்டறை, விளக்கு, கத்தரி, டாக்டர் சீட்டு எல்லாம். இவள் முகம் இளகும், இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள், நானும் கொஞ்சம் அழலாம் என்று எதிர்பார்த்தேன். அதுதான் என் புத்தி.

"அண்ணி," என்றாள் இவள். "படகு வீட்டுக்கு வந்ததை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தீப்பிடிச்ச செய்தி வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி." அந்த அம்மா மறைக்கவில்லை. "போர்வையில சுத்தி எடுத்துட்டு வந்து வச்சுட்டு மறுபடி வெளிய போனார். உன் தம்பி கொடுத்தான்னு சொன்னார். அவன் கொடுக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். ஏன்னு கேக்கல. துணி மடிச்சுட்டு இருந்தேன். முழுசா மடிச்சு முடிச்சேன்."

"ஒரு போன் பண்ணியிருந்தா அவர் எந்திரிச்சிருப்பார்."

"எந்திரிச்சிருப்பான்."

தெருவில் சைக்கிள் ஒன்று மணி அடித்துக்கொண்டு போனது. நான் ஆமையைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் கையில் இருந்த படகைக் காரின் மேல் மெதுவாக வைத்தார்.

"உங்களையும் நான் விடமாட்டேன் அண்ணி," என்றாள் இவள்.

"விடாதே," என்றாள் அந்த அம்மா. யாரும் கூப்பிடாமல் தானே கார்க்கதவைத் திறந்து ஏறி, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "ஸ்டேஷனுக்கு நீயும் வந்து இதையும் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."